டபிள்யூ பெருசு, அட், ஒன்னு ரெண்டு மூணு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு வருஷம் சிஸ்டம் பார்த்தேன். வேலைக்குச் சேர்த்த ஆர்டரில் போட்டிருந்த பதவி சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை, கம்ப்யூட்டர் தம்பிதான். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் தம்பி, ஏசி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் தம்பி.

சேர்ந்த முதல் வாரம் அக்கவுண்ட்ஸ் ஹாலில் ஒரு மேசைக்கடியில் குனிந்து வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து ஒரு அக்கா எழுந்து, கண்ணாடி அறைக்குள் இருந்த பர்ச்சேஸ் மேனேஜரைப் பார்த்து, "சார், பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அவர் காதிலிருந்த போனை எடுக்கவில்லை. கதவை ஒரு கையால் திறந்து, "வெல்கம்... டபிள்யூ பெருசு... அட்... ஒன்னு ரெண்டு மூணு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கதவை விட்டார். ஹாலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். டீ கொண்டுவந்த அண்ணனும் நின்றிருந்தார். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. பக்கத்து மேசைக்காரர் மட்டும், "முன்னாடி நாலு வரைக்கும் இருந்துச்சே" என்றார்.

ஐடி ஆட்கள் நாலு பேர் கூடினால் இந்த மாதிரிக் கதைகளைத்தான் சொல்லிச் சிரிப்போம். கீபோர்டைத் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டு. மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் காகிதம். நானும் சொல்லிச் சிரித்தவன்தான். ஆனால் யார், யாருக்கு, எந்த நேரத்தில் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாக வரவில்லை. சோம்பலாலோ அலட்சியத்தாலோ கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லோரும் வேலை நிற்கக்கூடாதே என்று கொடுக்கிறார்கள். அலுவலகங்களில் அதிகாரம் ஒருவர் பெயரில் இருக்கிறது, வேலை இன்னொருவர் கையில் நடக்கிறது. அதிகாரத்தைக் கைமாற்ற முறையான வழி இல்லாத இடத்தில் பாஸ்வேர்டு கைமாறுகிறது.

அந்த மேனேஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல், சாயம், ஜிப், பட்டன், பாலிபேக் என்று நாளுக்கு ஐம்பது அறுபது பர்ச்சேஸ் ஆர்டர் போகும். மென்பொருளில் ஒவ்வொன்றையும் ஒருவர் தயாரிக்கவேண்டும், இன்னொருவர் பார்த்து அனுமதிக்கவேண்டும். வங்கிகளில் காலங்காலமாக இருக்கும் முறைதான் இது: ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க. காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் அந்த மேனேஜர் பாதி நாள் சாயப்பட்டறையில் நிற்பார், மீதி நாள் போனில் இருப்பார். ஐந்நூறு ரூபாய்க்குப் பட்டன் வாங்கும் ஆர்டருக்கும் அவர் வந்து உட்கார்ந்து சொடுக்கவேண்டும் என்றால் வாசலில் நிற்கும் வண்டி நின்றபடியேதான் இருக்கும். அந்த அக்காவோ பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர். எந்த ஆர்டர் சரி, எது தப்பு என்று மேனேஜரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவருக்கு உரிமை இல்லை, உரிமை உள்ளவருக்கு நேரமில்லை. அதனால்தான் டபிள்யூ பெருசு.

இன்னொரு காரணம் லைசென்ஸ். மென்பொருளுக்கு ஆள் கணக்கில் காசு கட்டவேண்டும். "எட்டு பேருக்கு எதுக்குங்க எட்டு? நாலு வாங்கிப் போடுங்க, மாத்தி மாத்திப் பாத்துக்கட்டும்" என்பார் முதலாளி. அப்படிச் சொன்ன நிமிஷத்திலேயே நாலு பாஸ்வேர்டை எட்டு பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் சுவரில் 'கடவுச்சொல்லைப் பகிராதீர்' என்று போஸ்டர் ஒட்டி என்ன பயன்?

இத்தனைக்கும் அதே முதலாளி கல்லாச் சாவியைப் பெற்ற மகனிடம்கூடக் கொடுக்கமாட்டார். சாவி இடுப்பில் கனக்கிறது. கொடுத்தால் கொடுத்தவரிடம் இருக்காது. பாஸ்வேர்டு அப்படியில்லை. கொடுத்த பிறகும் நம்மிடமே இருப்பதால் எதையும் கொடுத்த மாதிரியே தோன்றுவதில்லை. இதோடு மரியாதைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். பெரியவர் கேட்டு இல்லை என்று சொன்னால், "ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று வரும். அந்தக் கேள்விக்கு எந்தக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்பிலும் பதில் சொல்லித்தருவதில்லை.

பாஸ்வேர்டு பிறந்த இடத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தார் பெர்னாண்டோ கார்பட்டோ. அவரவர் கோப்பும் அவரவருக்கு ஒதுக்கிய நேரமும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்பதற்காக ஆளுக்கொரு ரகசியச் சொல் வைத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்கீடு, வேலைக்கு அது போதவில்லை. 1962இல் அவர் பாஸ்வேர்டு கோப்பை அச்சிடச் சொல்லித் துளை அட்டையில் ஒரு வேண்டுகோள் போட்டார். கணினி சமர்த்தாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பழி தன்மேல் மட்டும் விழக்கூடாது என்று அந்தப் பட்டியலை வேறு சிலருக்கும் கொடுத்துவைத்தார். ரொம்ப வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்ட விஷயம் இது. ஆக, நமக்குத் தெரிந்த முதல் பாஸ்வேர்டு திருட்டுக்குக் காரணம் வேலைக்கு நேரம் போதாதது. திருடியதும் பகிர்ந்ததும் ஒரே கையோடு நடந்திருக்கிறது. 1966இல் அதே அமைப்பில் ஒரு கோளாறு ஏற்பட்டு, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது தனிக் கதை.

மனிதர்கள் எந்த மாதிரிச் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. 1979இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்ஸன் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் மிகக் குட்டையாகவோ, வெறும் சின்ன எழுத்துகளாகவோ, அகராதியில் தேடினால் கிடைக்கும் சொற்களாகவோ இருந்தன. சரி, ஜனங்களைத் திருத்துவோம் என்று அடுத்து வந்தவர்கள் விதிகளை எழுதினார்கள். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, குறித்த கெடுவுக்குள் மாற்றவேண்டும். இந்த விதிகள் உலகமெங்கும் பரவியதற்குப் பெரிய காரணம் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக 2003இல் பில் பர் எழுதிய வழிகாட்டி. 2017இல் அவரே ஒரு பேட்டியில், அதில் சொன்ன பலவற்றுக்காக இப்போது வருந்துவதாகச் சொல்லிவிட்டார்.

அவர் வருந்தியதை எங்கள் அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று சர்வரில் வைத்திருந்தோம். கெடு முடியும் திங்கட்கிழமை காலை என் மேசை முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். எல்லோரும் மாற்றினார்கள், எப்படி மாற்றினார்கள் என்பதுதான் வேடிக்கை. கட்டிங் பிரிவில் இருந்த ஒருவர் 'முருகா அட் 1' என்று ஆரம்பித்து ஒவ்வொரு கெடுவுக்கும் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தார். நான் வேலையை விட்டுக் கிளம்பும்போது 'முருகா அட் 23'. தொண்ணூறால் பெருக்கினால் அந்த ஆள் சேர்ந்து ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பாஸ்வேர்டிலிருந்தே சர்வீஸ் கணக்குப் போட்டுவிடலாம். இது எங்கள் ஊர் மூளை மட்டுமில்லை. 2010இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே வழக்கொழிந்த கணக்குகளின் பழைய பாஸ்வேர்டுகளை வைத்துச் சோதித்தார்கள். ஒருவருடைய பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடிக்க முடிந்தது.

2017 ஜூனில் நிஸ்ட் தன் விதியை மாற்றியது. கசிந்ததற்கான அடையாளம் இல்லாமல் சும்மா சும்மா மாற்றச் சொல்லவேண்டாம், குறி வேண்டும், எண் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவேண்டாம், நீளம்தான் முக்கியம் என்றது. 2019இல் மைக்ரோசாப்டும் விண்டோஸுக்கான தன் பரிந்துரைகளிலிருந்து கெடுவை எடுத்துவிட்டது. ஆனால் எங்களைச் சோதிக்க வரும் ஆடிட்காரர்கள் கையில் இருக்கும் செக்லிஸ்ட்டில் '90 நாள்' இருக்கிறது. டிக் போட அது இருந்தாகவேண்டும். விதி எழுதியவர் வருந்தி முடித்துவிட்டார், விதி இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. கெடு வந்தபோதெல்லாம் நடந்தது ஒன்றுதான்: மேனேஜர் மாற்றுவார், அக்கா எழுந்து நின்று கேட்பார். அந்த விதி இல்லாதிருந்தால் அவர் ஒருமுறைதான் கத்தியிருப்பார். விதி இருந்ததால் வருஷத்துக்கு நாலுமுறை கத்தினார்.

மருத்துவமனைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 299 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டபோது 73.6 சதவீதம் பேர் இன்னொருவருடைய பாஸ்வேர்டை வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். மேற்பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் மருத்துவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை, நூற்றுக்கு நூறு. மாணவர்கள், இன்டர்ன்கள் பலருக்குச் சொந்தக் கணக்கே திறந்து கொடுக்கவில்லை, அல்லது கொடுத்த கணக்கில் வேலைக்குத் தேவையான உரிமை இல்லை. கட்டிலில் நோயாளி. கையில் சீனியர் சொன்ன மருந்து. கணினியோ உள்ளே விடமாட்டேன் என்கிறது. என்ன செய்வார்கள்? லண்டனில் ஆன் ஆடம்ஸும் ஆஞ்செலா சாஸும் 1999லேயே இதை எழுதிவிட்டார்கள். வேலை செய்யும் முறைக்குப் பொருந்தாத பாதுகாப்பைக் கொடுத்தால் ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள் என்பது அவர்கள் வாதம். கட்டுரையின் தலைப்பே பயனர்கள் எதிரிகள் இல்லை என்பதுதான்.

நம் ஊரில் இதற்கு மிகச் சிறந்த உதாரணம் எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் கிடைக்கும். கம்பெனி வேலையாக ஒருமுறை ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்த பையன் எங்கள் முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்று மேசை டிராயரை இழுத்தான். உள்ளே ஓர் இனிப்புக்கடை டப்பா. அதில் பென் டிரைவ் மாதிரி நாற்பது ஐம்பது டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு சுற்றி ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் பெயரும் பின் நம்பரும். பெரும்பாலானவற்றில் டோக்கன் வரும்போதே இருக்கும் 12345678 மாற்றப்படவில்லை, அதனால் பையனுக்குச் சீட்டைப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. வருமான வரி இணையதளம், ஜிஎஸ்டி, சரக்கு அனுப்பப் போடும் இ-வே பில் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் ஓர் எக்செல் தாளில் இருந்தன. அந்த எக்செல்லுக்குப் பாஸ்வேர்டு இல்லை.

இந்த டோக்கன் விளையாட்டுச் சாமான் இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி டிஜிட்டல் கையெழுத்துக்கும் பேனாவால் போடும் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு. கம்பெனி இயக்குநர்கள் அமைச்சகத்துக்கு அனுப்பும் படிவங்கள், ஆன்லைன் டெண்டர் எல்லாம் இதில்தான் நடக்கின்றன. வாங்கும்போது வீடியோவில் முகத்தைக் காட்டி நான்தான் என்று சொல்லவேண்டும். அதே சட்டத்தின் 42ஆவது பிரிவு, கையெழுத்தின் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள்வது உரியவரின் கடமை என்கிறது. முகத்தைக் காட்டி வாங்கியதை இனிப்பு டப்பாவில் போட்டுவைப்பது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு நாற்பது பேருடைய தாளையும் ஒரே இடத்தில் அடுக்கிவைப்பதற்குச் சமம். மூன்று வருஷம் வரை செல்லுபடியாகும் வெற்றுத்தாள்.

ஆனால் அந்த முதலாளிகள் முட்டாள்களா? ரிட்டர்ன் போடக் கடைசித் தேதி இருபது என்றால் பத்தொன்பதாம் தேதி ராத்திரி பத்து மணிக்குத்தான் நெரிசல் குறைந்து இணையதளம் திறக்கும். அந்த நேரத்தில் டோக்கனை எடுத்துக்கொண்டு யார் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஓடுவது? ஆடிட்டருக்குத் தனியாக அதிகாரம் கொடுக்கும் வசதி வருமான வரித் தளத்திலும் இருக்கிறது, ஜிஎஸ்டி தளத்திலும் இருக்கிறது. இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை உருவாக்கலாம். அதையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து செய்யவேண்டும். டப்பா ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

மேலே போகப் போக இது குறையும் என்று நினைக்கவேண்டாம். 2017 டிசம்பரில் பிரிட்டன் எம்.பி. நாடின் டோரிஸ், தன் லாகினைப் பணியாளர்கள் தினமும் பயன்படுத்துவதாகவும் பயிற்சிக்கு வருபவர்களும் அதில் அடக்கம் என்றும் ட்விட்டரில் எழுதினார். நிக் போல்ஸ் என்ற இன்னொரு எம்.பி., பாஸ்வேர்டு மறந்துபோனால் தன் பணியாளர்களிடம்தான் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். நம் நாட்டில் மஹுவா மொய்த்ரா விவகாரம் நினைவிருக்கும். கேள்விகளைத் தட்டச்சு செய்வதற்காக மக்களவை இணையதள லாகினை ஒரு தொழிலதிபருக்குக் கொடுத்ததை அவர் ஒப்புக்கொண்டார். பணம் வாங்கியதான குற்றச்சாட்டை மறுத்தார். 2023 டிசம்பர் 8 அன்று மக்களவையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த அரசியலின் நியாய அநியாயம் இங்கே நம் வேலை இல்லை. நான் கவனித்தது ஒன்றைத்தான்: எம்.பி.க்கள் தங்கள் லாகினை உதவியாளர்களிடம் கொடுப்பது சாதாரணம் என்பது அவருடைய வாதமாக இருந்தது. லண்டனிலும் அதையேதான் சொன்னார்கள்.

சரி, எல்லோரும் கொடுக்கிறார்கள், வேலையும் நடக்கிறது, அப்புறம் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டால் நான் ஒரு திங்கட்கிழமையைச் சொல்வேன்.

வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசிங் பிரிவுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. ஜெர்மனி பையர் அனுப்பும் சாம்பிள் அப்ரூவல் முதல் கார்ட்டன் அளவு வரை எல்லாம் அதில்தான் வரும். ஐந்து பேரிடம் பாஸ்வேர்டு. அன்று காலை திறந்தால் இன்பாக்ஸ் காலி. சில ஆயிரம் கடிதங்கள், ஒன்றுகூட இல்லை. முந்தின சனிக்கிழமைதான் அந்தப் பிரிவில் டேட்டா என்ட்ரி பார்த்த பெண் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்திருந்தார். சம்பள விஷயத்தில் கொஞ்சம் மனக்கசப்பு. காலை பத்து மணிக்குள் ஹால் முழுக்க முடிவு செய்துவிட்டது. ஹெச்ஆர் அவருடைய ரிலீவிங் கடிதத்தை நிறுத்திவைத்தது. அவர் என் மேசைக்கு வந்து, "அண்ணா, நான் தொடவே இல்லைண்ணா" என்றார். அதை அவர் எப்படி நிரூபிப்பார்? சர்வரின் பதிவேட்டில் இருப்பது கணக்கின் பெயர்தான். அந்தக் கணக்குக்குள் அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று அதற்குத் தெரியாது. ஐந்து பேர் ஒரே பேனாவால் ஒரே பெயரில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் என்ன தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு நாள் தோண்டினேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு வெளியே ஓர் இணைப்பிலிருந்து பாப்3 முறையில் யாரோ உள்ளே வந்திருந்தார்கள். இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். மின்னஞ்சலை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ள பாப் என்ற பழைய முறை ஒன்று உண்டு, 1984இல் வந்தது. சர்வரில் இடம் தங்கம் மாதிரி இருந்த காலத்து ஏற்பாடு என்பதால், கடிதத்தை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடுவது அதன் இயல்பு, தபால்பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போவது போல. சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று ஒரு டிக் போடவேண்டும். பழைய அவுட்லுக்கில் அந்த டிக் தானாக இருக்காது. நடந்தது இதுதான்: சீனியர் மெர்ச்சன்டைசர் புது லேப்டாப் வாங்கியிருக்கிறார். மச்சான் மகன் கம்ப்யூட்டர் படித்தவன், அவனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து மெயிலைப் போட்டுத்தரச் சொல்லியிருக்கிறார். அவன் டிக் போடவில்லை. ஒரே ராத்திரியில் ஜெர்மனி, ஸ்பெயின் பையர்களின் கடிதங்கள் அத்தனையும் அந்த லேப்டாப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

கடிதங்களைத் திரும்ப ஏற்றியாயிற்று. அந்தப் பெண்ணுக்கு ரிலீவிங் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஒரு ஸாரிகூட யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. பகிர்ந்த பாஸ்வேர்டால் ரகசியம் போகும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பெரும்பாலான அலுவலகங்களில் திருடும் அளவுக்கு ரகசியம் ஒன்றும் இல்லை. உண்மையில் போவது சாட்சி. தப்பு நடந்த நாளில், செய்யாதவருக்குத் தான் செய்யவில்லை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அந்தப் பழி எப்போதும் கீழ் நாற்காலியில்தான் போய் உட்காரும். சட்டமும் இதில் பெரிதாகத் துணைக்கு வராது. இன்னொருவருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பயன்படுத்தியது யார் என்று முதலில் தெரியவேண்டுமே.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள் என்று மெயில் அனுப்புவதும் நாங்கள்தான். அடுத்த நாள், தூரத்திலிருந்தே இன்னொருவர் கணினியை இயக்கும் எனிடெஸ்க்கில் நுழைந்துகொண்டு "சார், பாஸ்வேர்டு சொல்லுங்க, சீக்கிரம் முடிச்சிடறேன்" என்று கேட்பதும் நாங்கள்தான். நான் சேர்ந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு ஒன்றே. எனக்கு முன் இருந்தவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் மாற்றவில்லை. ஒரு கணினி வைரஸ்காரன் கையில் சிக்கினால் அத்தனையும் சிக்கும் என்பது தெரிந்தேதான். கணினிக்கு ஒரு பாஸ்வேர்டைத் தானாக மாற்றிவைக்கும் கருவியை மைக்ரோசாப்ட் 2015லேயே இலவசமாகக் கொடுத்திருந்தது. போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஹாலில் கத்திய மேனேஜரைப் பார்த்துச் சிரித்த ஆள் நான்.

இப்போதெல்லாம் திருடுகிறவர்கள், ஊழியர்களின் கணினிக் கோளாறுகளைப் போனில் தீர்த்துவைக்கும் ஹெல்ப்டெஸ்க்குக்கே நேராகப் போன் போடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் க்ளோராக்ஸ் நிறுவனம் பெரிய தாக்குதலுக்கு ஆளானது. 2025 ஜூலையில் அது தன் ஹெல்ப்டெஸ்க்கை நடத்திய காக்னிசன்ட் மீது வழக்குப் போட்டது. யாரோ ஊழியர் மாதிரிப் பேசிப் பாஸ்வேர்டு கேட்க, எந்த அடையாளமும் சரிபார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்கும் நஷ்டஈடு 38 கோடி டாலர். தங்களுக்குக் கொடுத்தது குறுகிய ஹெல்ப்டெஸ்க் பணி மட்டுமே, இணையப் பாதுகாப்பு தங்கள் பொறுப்பில் இல்லை என்று காக்னிசன்ட் மறுக்கிறது. யார் சொல்வது சரி என்று கோர்ட் சொல்லட்டும். 1994இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி என்பதால் இந்தச் செய்தியை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூர்ந்தே படித்தார்கள். எனக்கு அந்தப் போனை எடுத்த ஆளை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. ஹெல்ப்டெஸ்க்கில் ஓர் ஆளின் திறமையை எதை வைத்து அளக்கிறார்கள்? ஒரு நாளில் எத்தனை டிக்கெட்டை, அதாவது புகாரை, மூடினார், ஒரு அழைப்பை எத்தனை நிமிஷத்தில் முடித்தார், வாடிக்கையாளர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார். கேள்வி கேட்டுக் குடைகிறவருக்கு நட்சத்திரம் குறையும். வேலை சீக்கிரம் நடக்கவேண்டும் என்ற அதே நெருக்கடிதான், அங்கே ஹெட்செட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பாஸ்வேர்டு கைமாறுவதை எது குறைத்தது என்றால், போஸ்டர் இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை. மெயில் விவகாரத்துக்குப் பிறகு அந்த ஒரே முகவரியைப் பொதுப் பெட்டியாக மாற்றினோம். ஐந்து பேரும் அவரவர் சொந்தப் பெயரில் நுழைந்து அதே பெட்டியைப் பார்க்கலாம், யார் திறந்தார், யார் அழித்தார் என்று தெரியும். அந்த வசதி நாங்கள் கட்டிய காசிலேயே இருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. பர்ச்சேஸ் ஆர்டருக்குத்தான் அதிக நாள் பிடித்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரையிலான ஆர்டர்களை அந்த அக்காவே தன் பெயரில் அனுமதிக்கலாம், அதற்கு மேல் மேனேஜர். மென்பொருளில் இதைச் செய்ய எனக்கு அரை மணி நேரம். முதலாளியைச் சம்மதிக்கவைக்க நாலு மாதம். "அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு அதிகாரமா?" என்றார். பதினோரு வருஷமாக அதைவிடப் பெரிய ஆர்டர்களையும் அவர்தான் அனுமதித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு மாதம் ஆகியிருக்கும்.

முதலாளி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் அக்காவுக்குப் புது லாகின் கொடுத்தேன். மேனேஜருக்கும் பழையதை நீக்கிவிட்டு, அவரையே ஒரு புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னேன். நான் திரும்பி நின்றுகொண்டேன், அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அடுத்த ஒரு வாரம் ஹாலில் யாரும் எழுந்து நின்று கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு நூல் ஆர்டர் வந்தது. என் மேசைப் போன் அடித்தது.

"தம்பி, மூணு தடவை அடிச்சேன், லாக்குன்னு வருது. என் பாஸ்வேர்டு என்னன்னு பாத்துச் சொல்லு."

எனக்குத் தெரியாதுங்க சார், நீங்கதானே வெச்சீங்க என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் போனிலும் கேட்டது, ஹாலிலும் கேட்டது. "ஏம்மா, நான் என்ன வெச்சேன்னு உனக்குத் தெரியுமா?"